பழைய இதழ்கள் இலவசம்

வேண்டாம் சார், பை மடியிலேயே இருக்கட்டும். மேல வைக்கிற சாமான் இல்ல. கனமெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு புத்தகம் அளவுதான். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லுவாங்க. எனக்குக் கனமே இல்லாம பயம்.

அறந்தாங்கிக்குப் போறேன். நீங்க? புதுக்கோட்டையா. சரி. ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சொந்த ஊரே புதுக்கோட்டைதானா? வேலூரா. நல்லதாப் போச்சு. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் கிடையாது. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், இதுக்குள்ளேயே பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்து முடிஞ்சிருவோம். நீங்க நம்ம ஆளா இருந்திருந்தா நான் இந்நேரம் எந்திரிச்சுப் பின் சீட்டுக்குப் போயிருப்பேன்.

பயமா இருக்கு சார். யார்கிட்டயாவது சொல்லலேன்னா நெஞ்சு அடைச்சிரும் போல இருக்கு. வீட்டுல சொன்னா என் வீட்டுக்காரி சுலோச்சனா என்னைவிடப் பயப்படுறா.

என் பேரு தில்லைராஜன். பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுறதில்ல, ஆசிரியர்னுதான் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூட ஆசிரியர் இல்ல, பத்திரிகை ஆசிரியர். ‘நம் சுற்றம்’னு ஒரு மாசப் பத்திரிகை. கடையில தொங்காது. எங்க சமூகத்துக்குள்ள மட்டும் தபால்ல போறது. உறையூர்ல எங்க வீட்டு மாடிதான் ஆபீஸ். கோயில் கும்பாபிஷேகம், யார் பையன் டாக்டருக்குப் படிக்கிறான், யார் காலமானாங்க, எல்லாம் வரும். தலையங்கம் நான் எழுதுறது. மாசாமாசம் ஒழுக்கத்தைப் பத்தி எழுதுவேன். உண்மை பேசுறதைப் பத்தியே பல தலையங்கம் எழுதியிருக்கேன்.

ஆனா எங்க ஆளுங்க புத்தகத்தைப் பின்னாலேயிருந்துதான் பிரிப்பாங்க. கடைசிப் பக்கங்கள் ‘மணப்பந்தல்’. வரன் விளம்பரம். போட்டோ, பேரு, வயசு, படிப்பு, அப்பா பேரு, போன் நம்பர். அதுக்குத்தான் சந்தா கட்டுறாங்க. எனக்கும் தெரியும். பந்திக்கு வந்தவன் பாயசத்துக்காக வந்தா என்ன, இலையில உட்கார்ந்தா சரின்னு இருந்தேன்.

நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் பேப்பர் விலை ஏறிச்சு. தபால் தாமதமாச்சு. வைகாசிப் புத்தகம் ஆனியில போய்ச் சேருது, முகூர்த்தம் முடிஞ்சப்புறம் வரனைப் பார்த்து என்ன செய்ய? சங்கக் கூட்டத்துல வெளிநாட்டுலேர்ந்து வந்த பசங்க, இன்னும் பேப்பர்லயா ஆசிரியரே, எல்லாரும் டேப்லெட்ல படிக்கிறாங்க, ஒரு ஆப் போடுங்கன்னு சொன்னாங்க. கை தட்டினாங்க. கை தட்டுறவங்க முன்னால மாட்டேன்னு சொல்ல முடியுமா? தலையாட்டிட்டேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன் சார்.

சென்னையில ஒரு கம்பெனி. அங்க பெனாசிர்னு ஒரு பொண்ணு, பொறுமையான பொண்ணு, அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் புத்தகம் போனதுமே போன் வர ஆரம்பிச்சிருச்சு. எழுத்து பொடியா இருக்கு. விரலால இழுத்தா பெருசாகுது, விட்டா ஓடிப்போயிருது. ஒரு பெரியவர் வழக்கம்போல நாக்குல விரலைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டியிருக்காரு. டேப்லெட் கண்ணாடி ஈரமாகி நகரவே மாட்டேங்குதாம். புத்தகம் வழுக்குது ஆசிரியரேங்கிறாரு. டேப்லெட்காரன் அப்பப்ப எதையோ புதுசா மாத்துவான். மாத்தின மறுநாள் நம்ம புத்தகம் திறக்காது. திறக்காதுன்னா, நான்தான் உள்ள உட்கார்ந்துக்கிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி என்னைத்தான் திட்டுவாங்க.

பின் அட்டையில வருஷக்கணக்கா விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரர் ஒருத்தர். என் விளம்பரத்தை எத்தனை பேர் தொட்டாங்கன்னு கேட்டாரு. அச்சுல இருக்கிற வரைக்கும் அப்படி ஒரு கேள்வியே கிடையாது சார். நாம சொல்றதுதான் கணக்கு. இதுல அந்தக் கம்பெனி உள்ளதை உள்ளபடி காட்டிருது. பார்த்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னாரு. இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காரு. என் தலையங்கத்தை யாரும் பார்க்கவே இல்லைன்னும் பெனாசிர் படம் போட்டுக் காட்டுச்சு. மெஷின்ல கோளாறு இருக்கும்மா, சரி பண்ணுன்னு சொல்லிட்டேன்.

ஆள் சேரல. எப்படியாவது சேர்க்கணுமேன்னு யோசிச்சப்பதான் அந்தப் புத்தி வந்துச்சு. எங்க வீட்டுல ஆரம்பத்துலேர்ந்து எல்லாப் புத்தகமும் பைண்ட் பண்ணி வச்சிருக்கேன். அத்தனையையும் போடுவோம், பழைய இதழ்கள் இலவசம்னு கொட்டை எழுத்துல அறிவிச்சேன். பெனாசிர் கேட்டுச்சு. சார், வரன் பக்கங்களையும் போடணுமா, அதெல்லாம் பழசாச்சேன்னு. நான்தான் சொன்னேன், அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் ஒண்ணு விடாம போடும்மா, அது எங்க சமூகத்தோட வரலாறுன்னு. அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இங்க ஒண்ணு உங்களுக்கு விளக்கணும். வரன் விளம்பரம் வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும். பெத்தவங்க வருவாங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியும், இந்த வருஷமும் ஒண்ணும் அமையலைன்னு. உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, அதே மேட்டரைப் போட்டுரவா, ஏதாவது மாத்தணுமான்னு கேப்பேன். அவங்க தரையைப் பார்ப்பாங்க. நான் புரிஞ்சுக்குவேன். அப்படியே போட்டுருவேன். பொண்ணுன்னா இருபத்தேழுல நிக்கும், பையன்னா முப்பத்தொண்ணுல நிக்கும். அதுக்கு மேல ஏத்துனா போன் வராது சார். நான் வச்ச சட்டமா அது? இதுல பொய்யும் கிடையாது. புதுசா ஒரு எழுத்துகூட எழுதலையே. போன வருஷம் இருந்ததைக் கலைக்காம விட்டேன், அவ்வளவுதான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்களே அனுமதி கொடுத்திருக்காங்க. நான் ஒண்ணுகூடச் சொல்லல.

ஜாதகமா? எங்கள்ல ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்ல. குலதெய்வத்துக்கு முன்னால செவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியா இலையில பொதிஞ்சு போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தா பேசி முடிச்சிர்றது. சாமி வயசெல்லாம் கேக்காது.

புத்தகம் என்ன ஆகும்? பழைய பேப்பர் கடைக்குப் போகும், இல்ல வடை மடிக்கப் போகும். வருஷவாரியா அடுக்கி வச்சு எவன் ஒப்பிட்டுப் பார்க்கப் போறான்? அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லைன்னு தைரியமா இருந்தேன். டேப்லெட்ல அந்த ஆளு உள்ளேயே உட்கார்ந்திருக்கான் சார். ஒரு பேரு மேல விரலை வச்சு அழுத்திப் பிடிச்சா போதும். அந்தப் பேரு எந்தெந்தப் புத்தகத்துல வந்திருக்கோ அத்தனையும் வரிசையா வந்து நிக்குது. போட்டோவோட. வயசோட. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு. நான் கேக்காமலே அந்தக் கம்பெனிக்காரங்க சேர்த்துக் கொடுத்த வசதி அது.

முசிறியில ஒருத்தர், கனகசபைன்னு பேரு. அவர் பொண்ணுக்கு நிச்சயமாகி, புடவை கொடுத்து, எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மாப்பிள்ளையோட தங்கச்சி சும்மா விளையாட்டா விரலை வச்சிருக்கு. மறுநாள் தட்டு திரும்பி வந்திருச்சு. பூ, பழம், தேங்காய் எதுவும் தொடாம, வச்சது வச்சபடி. கனகசபை என் ஆபீசுக்கு வந்தாரு. சண்டை போடுவாரு, சட்டையைப் பிடிப்பாருன்னு எதிர்பார்த்தேன். எதுவும் இல்ல. எதிர் நாற்காலியில உட்கார்ந்தாரு. நான் வச்ச தண்ணியைக் குடிச்சாரு. என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குப் பிடிச்ச பயம் சார் இது. பாவம், அவரும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்.

ஏன் உங்களுக்கு வேர்க்குதுன்னு கேக்குறீங்க. சொல்றேன். ஜன்னலைக் கொஞ்சம் திறங்க.

எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. பூங்கோதை. அந்தப் பேரு எங்க சமூகத்துலயே வேற யாருக்கும் கிடையாது. தனியா தெரியணும்னு தேடித் தேடி வச்சேன். இப்ப விரலை வச்சா அவ ஒருத்திதான் வர்றா.

தங்கமான பொண்ணு சார். காலேஜ்ல தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறா. குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல, அமையல, அவ்வளவுதான். ஆசிரியர் வீட்டுப் பொண்ணாச்சே, விளம்பரம் ஒரு வருஷம்கூட விட்டுப் போகாது. முதல்தடவை உண்மையான வயசைத்தான் போட்டேன். அப்புறம் இருபத்தேழுல நின்னுச்சு. அதை வீட்டுலயும் காப்பாத்தணும்ல? மூணாவது வருஷத்துலேர்ந்து பிறந்தநாள் கொண்டாடுறதை நிறுத்திட்டோம். கேக் மேல மெழுகுவர்த்தியில நம்பர் வச்சுக் கொடுக்கிறானே, யாராவது பார்த்துட்டா? சுலோச்சனா அன்னைக்கு மட்டும் பாயசம் வைப்பா, கேட்டா கிருத்திகைன்னு சொல்லுவா. சர்டிபிகேட்டெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.

இன்னொரு சிக்கல். அவளுக்கு ஒரு தம்பி, ஓசூர்ல வேலை. இவ வயசு நிக்குது, அவன் வயசு ஏறுது. ஒரு கட்டத்துல அவன் இவளைத் தாண்டிப் போயிட்டான். அதனால வெளியில அவனை அண்ணன்னு சொல்ல ஆரம்பிச்சோம். நம்பும்படியா இருக்கட்டும்னு அவனுக்கு ரெண்டு மூணு வயசைக் கூட்டியும் விட்டோம். போன மாசம் நிச்சயதார்த்தத்துல பூங்கோதை எல்லார் முன்னாலயும் அவனை ‘அண்ணா, மாமாவுக்குத் தண்ணி கொடுங்க’ன்னு கூப்பிட்டா. எவ்வளவு பொறுப்பான பொண்ணு பாருங்க. அவன்தான் முட்டாப்பய, சொம்பைக் கீழே வச்சுட்டு எந்திரிச்சு வெளியில போயிட்டான். கண்ணு கலங்கியிருந்துச்சுன்னு சுலோச்சனா சொன்னா. நான் பார்க்கல.

ஆமா, நிச்சயமாகிருச்சு. அதான் அறந்தாங்கி. மாப்பிள்ளை மதியழகன், நல்ல வேலை. அவங்க அப்பா ராமாமிர்தம், கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. வர்ற வைகாசியில கல்யாணம். இவ்வளவு வருஷம் கழிச்சுக் கூடி வந்திருக்கு சார். இது போனா அடுத்து ஒண்ணு வராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதுல நான் பண்ணின கூத்தைக் கேளுங்க. நிச்சயத்தன்னைக்குச் சம்பந்திக்கு என்ன மரியாதை செய்யலாம்னு யோசிச்சு, ஒரு டேப்லெட் வாங்கி, வெத்தலை பாக்கு பழத்தோட தட்டுல வச்சு, என் கையாலயே கொடுத்தேன். போட்டோ எடுத்து அடுத்த மாச அட்டையில போட்டேன். அவங்க வீட்டுல சிக்னல் சரியா வராதுன்னாரு. கவலைப்படாதீங்க சம்பந்தின்னு சொல்லி, எங்க வீட்டு மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, மத்தியானச் சாப்பாட்டுலேர்ந்து சாயங்காலக் காப்பி வரைக்கும் உட்கார்ந்து, அத்தனை பழைய புத்தகத்தையும் அதுக்குள்ள நானே இறக்கிக் கொடுத்தேன். எல்லாம் நம்ம வரலாறு, நிதானமாப் படிங்கன்னு சொன்னேன்.

கனகசபை வந்துட்டுப் போனதும் பெனாசிருக்குப் போன் பண்ணி, பழைய புத்தகம் பூராவையும் எடுத்துரும்மான்னேன். எடுத்துருச்சு. ஆனா ஏற்கெனவே இறக்கி வச்சிருக்கிறவங்ககிட்ட இருக்கிறதை எடுக்க முடியாதாம். அவங்க டேப்லெட், அவங்க சொத்துங்குது. சும்மாவே கிடந்து நடுங்கிக்கிட்டிருந்தேன். இன்னைக்குக் காலையில சம்பந்தியே கூப்பிட்டாரு. ஆசிரியரே, டேப்லெட்ல ஒண்ணு பார்த்தேன், போன்ல பேசுற விஷயம் இல்ல, நேர்ல வாங்கன்னாரு. குரலே சரியில்ல. இட்லியை அப்படியே வச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

இந்தப் பையில இருக்கிறது புது டேப்லெட், கனகசபை வந்துட்டுப் போன மறுநாளே வாங்கி வச்சது. அதே நிறம், அதே உறை. உள்ள இந்த மாசப் புத்தகம் ஒண்ணு மட்டும்தான். பழசுல பேட்டரி சூடாகி வெடிக்குதாம் சம்பந்தி, கம்பெனியில மாத்தித் தர்றாங்கன்னு சொல்லி அதை வாங்கிக்கிட்டு இதைக் கொடுத்திரலாம்னு யோசனை. அவர் ஏற்கெனவே விரலை வச்சிருந்தா என்ன பண்றதுன்னுதான் தெரியல. பூங்கோதை வாசல் வரைக்கும் வந்தா. போகாதீங்கப்பா, தெரிஞ்சா தெரியட்டும்னா. புத்தி இருக்காடின்னு கேட்டேன். எனக்கு அலுத்துப்போச்சுப்பான்னா. சின்னப் பிள்ளை மாதிரி பேசுறா.

கீரனூர் வந்தாச்சா? இவ்வளவு சீக்கிரமா? இந்த டிரைவர் ஏன் இப்படி ஓட்டுறான்?

போன் அடிக்குது. அவருதான். சம்பந்திதான் சார். எடுக்கவா? எடுக்காம விட்டா தப்பாயிரும். கொஞ்சம் இந்தப் பையைப் பிடிங்க.

ஹலோ, சம்பந்தி, வணக்கம். வந்துக்கிட்டே இருக்கேன், பஸ்லதான். பரவாயில்ல, சொல்லுங்க. ஆமா, பழைய புத்தகம்தான். என்னது? யாரோடது? மாப்பிள்ளையோடதா? சரி. சரி. இல்ல, நான் பார்க்கல. சத்தியமாப் பார்க்கல. நீங்க எதுக்குச் சம்பந்தி மன்னிப்பெல்லாம். அழாதீங்க. நேர்ல பேசிக்கலாம். ம். வச்சிர்றேன்.

கொடுங்க சார் பையை. கொஞ்சம் தண்ணி இருக்கா? தேங்க்ஸ்.

என்ன விஷயம் தெரியுமா? மாப்பிள்ளையோட விளம்பரமும் என் புத்தகத்துலதான் வந்திருக்கு. இவர் நேர்ல வராம தபால்லயே பணம் அனுப்பிப் புதுப்பிச்சிருக்காரு, நான் கவனிக்கவே இல்ல. முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு அதுவும் நின்னுருக்கு. இவர் நேத்து டேப்லெட்ல பையன் பேரு மேல விரலை வச்சுப் பார்த்துட்டு ராத்திரி பூரா தூங்கல. நீங்க ஆசிரியர், எல்லாம் உங்க கைக்குள்ள இருக்கு, கண்டுபிடிச்சுக் கல்யாணத்தை நிறுத்திருவீங்களோன்னு பயந்து நேர்ல வரச் சொன்னேங்கிறாரு. என் பையனோட பழைய விளம்பரத்தை மட்டும் யாருக்கும் தெரியாம எடுத்துருங்க, உங்க கால்ல விழுறேங்கிறாரு. பூங்கோதை பேரைத் தேடிப் பார்த்தாரான்னு கேக்க முடியுமா? பார்த்திருக்க மாட்டாரு. தன் பயமே அவருக்குப் பெருசா இருந்திருக்கு.

இப்பத்தான் மூச்சு வருது. ஆனா நெஞ்சு ஆறல சார். என்ன தைரியம் பாருங்க. மாப்பிள்ளைக்கு உண்மையில நாப்பதாம். நாப்பது. கரண்டு ஆபீஸ்ல பெரிய வேலை பார்த்த மனுஷன், நெத்தி நிறைய விபூதி, இப்படி ஒரு பொய்யைச் சொல்லி, அதுவும் ஒரு பத்திரிகை ஆசிரியர் வீட்டுல வந்து சம்பந்தம் பேசுறதுன்னா. நேர்ல போயி நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கப் போறேன். இருபத்தேழு வயசுப் பொண்ணை நாப்பது வயசு ஆளுக்கு எப்படிங்க கொடுக்கிறது? கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?

என்ன கேட்டீங்க? உண்மையான வயசா? பூங்கோதைக்கா?

இருபத்தேழு. இல்ல, அது புத்தகத்துல. உண்மையிலேயா. இருங்க, சொல்றேன். முதல் விளம்பரம் போட்டது உறையூர் வீட்டுக்கு மாடி எழுப்பின வருஷம். அது எந்த வருஷம்? தம்பியை வச்சுக் கணக்குப் போடலாம்னா அவனுக்கும் கூட்டிச் சொல்லிச் சொல்லி எது நிஜம்னு குழம்பிக் கிடக்கு. முப்பத்திமூணா? அஞ்சு இருக்குமா? பழைய புத்தகத்தைப் பார்த்தா தெரிஞ்சிரும். இதுல இருக்காது, எல்லாத்தையும் நான்தானே எடுக்கச் சொன்னேன்.

சிரிக்காதீங்க சார். பெத்த பிள்ளை வயசு தெரியாம இருப்பேனா? சட்டுன்னு வரமாட்டேங்குது, அவ்வளவுதான். அவளையே கேட்டுருவோம். இந்நேரம் வீட்டுலதான் இருப்பா.

ஹலோ, பூங்கோதை. அப்பாதாம்மா. இன்னும் போய்ச் சேரல. ஒண்ணும் ஆகல, சம்பந்தி நல்லாத்தான் பேசினாரு, வந்து சொல்றேன். ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காத. உனக்கு இப்ப என்ன வயசும்மா? ஹலோ? ஆமா, வயசுதான். பஸ்லதான் இருக்கேன். பக்கத்துல ஒரு சார் இருக்காரு. தெரியாதவருதான், வேலூர்க்காரரு. ம். சரிம்மா. சரி.

வச்சிட்டா.

பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேட்டா. வெளியாள் ஒருத்தர்னு சொன்னேன். அப்ப இருபத்தேழுப்பான்னு சொல்லிட்டு வச்சிட்டா. கோபமாக்கூடச் சொல்லல சார். கடையில விலை சொல்ற மாதிரி சொன்னா.

நான் உங்களுக்குச் சொல்றதுக்காகக் கேக்கல. எனக்குத் தெரியணும்னுதான் கேட்டேன். காலையிலேர்ந்து பயந்தேனே, அதெல்லாம் ஒரு பயமே இல்ல போலிருக்கு. நான் அவளைப் பெத்தவன் சார். என்கிட்டயே இருபத்தேழுங்கிறா.